முத்துக்கு இருபது பிறப்பா?

தமிழ்ச் சங்க மலர்களில் ஆண்டு தவறாமல் இடம்பெறும் கட்டுரைகளுள் முத்தைப் பற்றியதும் ஒன்று. அதன் நடையும் போக்கும் நமக்கெல்லாம் மனப்பாடம். கொற்கையில் தொடங்கும், பாண்டியர் பெருமை பேசும், யவனர் மரக்கலம் வந்து நிற்கும். அதன்பின், முத்துப் பிறக்கும் இடங்கள் இருபது என்று பழம்பாட்டொன்று கூறுவதை எடுத்துக்காட்டி, ‘இவ்வுண்மைகளை இன்றைய அறிவியலார் இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை’ என்று முழங்கி, கைதட்டலுக்கு இடம் விட்டு நிற்கும். கொற்கையைப் பற்றி எமக்கு வழக்கில்லை. அந்த இருபதைப் பற்றித்தான் வழக்கு. அதனைத் தமிழர் அறிவியல் என்று மேடையேற்றுவது தமிழுக்கு நன்மை செய்வதன்று, தீங்கு செய்வது என்பதே யாம் இங்குச் சொல்ல வந்தது.

இருபதும் எவை என்று முதலில் பார்ப்போம். யானைக் கொம்பு, பன்றிக் கொம்பு, இப்பி, நந்து, சலஞ்சலம், மீனின் தலை, முதலை, உடும்பு, பாம்பு, கொக்கு, பசுவின் பல், மூங்கில், கரும்பு, செந்நெல், கமுகு, வாழை, தாமரை, முகில், திங்கள், கற்புடை மகளிரின் கழுத்து. இப்பட்டியலைக் குண்டலுபேட்டையில் இருந்துகொண்டு படிப்பவர்க்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. உதகைச் சாலையில் சிறிது தொலைவு சென்றால் பந்திப்பூர்க் காடு. யானைக்கும் பன்றிக்கும் மூங்கிலுக்கும் அங்கே பஞ்சமில்லை. ஊரைச் சுற்றிலும் கரும்பும் வாழையும் நெல்லும். பசுக்களோ கடைத்தெருவிலேயே படுத்திருக்கின்றன. மழைமுகில் கோபாலசாமி மலையின் உச்சியில் ஆண்டில் பாதி நாள் தங்கிக் கிடக்கிறது. பட்டியல் மெய்யானால், கடலே கண்டிராத இவ்வட்டம் கொற்கையை விஞ்சிய முத்துவளம் பெற்றிருத்தல் வேண்டும். ஆயினும் இவ்வூர் நகைக்கடையில் தொங்கும் முத்துச்சரங்களுள் பெரும்பாலானவை சீன நாட்டுக் குளங்களில் வளர்த்தெடுக்கப்பட்டவை.

பட்டியலை எழுதியவர்களை எள்ளுவது எம் நோக்கமன்று. அவர்கள் கண்ணால் கண்டவை சில அதில் உண்டு. நந்தும் சலஞ்சலமும் சங்கின் வகைகள். சங்கினுள்ளும் முத்து விளைவதுண்டு. அதற்குச் சிப்பி முத்தின் உள்ளொளி இராது, பீங்கானின் பளபளப்பே இருக்கும். மீனின் தலைக்குள் இருப்பது செவிக்கல். மீன் தன் உடல்நிலையைச் சமன் செய்துகொள்ள உதவுவது அது. சுண்ணாம்புச் சத்தாலானது, முத்துக்கு மூலப்பொருளான ‘அரகோனைட்’ என்னும் படிகமே பெரும்பாலும் அதிலும் உள்ளது. மூங்கிற் கணுக்களுக்கிடையே உறைந்து கிடக்கும் வெண்கட்டியை நாட்டு மருத்துவர் மூங்கிலுப்பு என்பர். அது மணலின் இனமான சிலிக்கா. யானைக் கொம்பின் வேர்ப்பகுதியிலுள்ள கூழ் அறையில் உருண்டைக் கட்டிகள் எப்போதோ தோன்றுவதுண்டு. அவை தந்தமேயன்றி முத்தல்ல. ஆக, உருண்டு வெளுத்துக் கிடந்ததையெல்லாம் பழையோர் முத்து என்றனர். அவர்கள் காலத்துக்கு அது குற்றமாகாது. அறுத்துப் பார்க்கவும் உருப்பெருக்கிக் காணவும் கருவி பெற்ற நாம், அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, நிற்பதையே பெருமை என்று பேசுவதுதான் குற்றம். எஞ்சிய கொக்கு, உடும்பு, திங்கள், மகளிர் கழுத்து ஆகியவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

இந்நம்பிக்கை வெறும் பேச்சோடு நிற்பதுமில்லை. ‘கஜமுத்து’ என்று சொல்லிக் கண்ணாடிக் குண்டையும் கடைந்தெடுத்த எலும்பையும் ஏமாந்தவர் தலையில் கட்டும் கூட்டம் நாடெங்கும் இருக்கிறது. யானைக் காட்டின் ஓரத்தில் வாழும் நாம் அதற்கு மேடை அமைத்துக் கொடுக்கலாமா?

மழைத்துளிக் கதைக்கு வருவோம். சோதி நாளில் பெய்யும் துளியைச் சிப்பி வாய்திறந்து ஏற்று முத்தாக்குகிறது என்பது இருபதினும் பெரிதாகப் பரவிய கற்பனை. ‘தமிழன் கண்ட உண்மை’ என்று இதனைப் போற்றுவோர் ஒன்றறிதல் நலம். உரோமாபுரியின் பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டிலேயே, வானிலிருந்து விழும் பனித்துளியால் சிப்பி கருக்கொள்கிறது என்று எழுதிவைத்தார். பாரசீகத்தாரும் இதனையொத்த கதையைச் சொன்னார்கள். உலகம் முழுதும் சொன்ன கதையைத் தமிழுக்கே உரிய தனிச்சொத்து என்பது, ஊர்ப் பொதுக்கிணற்றுக்குப் பட்டா கேட்பது போன்றது. தவிரவும், மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி வாழ்வது பல பாகம் ஆழத்தில், ‘பார்’ எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில். தன் உடலிலிருந்து சுரக்கும் நார்களால் பாறையைப் பற்றிக்கொண்டு கிடக்கும் அவ்வுயிர், மழை நாளன்று மேலே மிதந்து வந்து வாய்திறந்து திரும்புவதை எந்தக் குளியாளும் கண்டதில்லை. தூத்துக்குடிப் பரதவரையோ கீழக்கரை முசுலிம் குளியாட்களையோ கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பார்கள். கேட்கும் வழக்கம் புலவர்க்கு இல்லை.

பள்ளிப் பாடங்களில் நுழைந்துவிட்ட மணற்றுகள் கதையும் முழு உண்மையன்று. மணலிலேயே வாழும் சிப்பிக்கு மணலை வெளித்தள்ளத் தெரியும். மெய்ந்நிகழ்ச்சி இதனினும் வியப்பானது. சிப்பியின் ஓட்டை ஆக்குவது அதன் உடலைப் போர்த்திருக்கும் ‘மேன்டில்’ என்னும் மென்போர்வை. அதன் வெளிப்புறத்து உயிரணுக்கள் மூன்று அடுக்குகளாக ஓட்டைச் சுரந்து கட்டுகின்றன. புறத்தே கொம்புப் பொருள் போன்ற மெல்லிய தோல்; நடுவே பட்டைக் கம்பங்களை நெருக்கி நிறுத்தியது போன்ற சுண்ணாம்புப் படலம்; உள்ளே வழவழத்து ஒளிரும் முத்தொளிப் படலம். ஓர் ஒட்டுண்ணியோ காயமோ அப்போர்வையின் உயிரணுக்கள் சிலவற்றை இடம்பெயர்த்து உடலின் உட்பகுதிக்குள் தள்ளிவிட்டதென்று கொள்க. அவ்வணுக்கள் தம் தொழிலை மறப்பதில்லை. பெருகி, ஒரு சிறு பையாக மூடிக்கொண்டு, வெளியே கட்டவேண்டிய ஓட்டைப் பைக்குள்ளேயே வட்டவட்டமாகக் கட்டத் தொடங்குகின்றன. அதுவே முத்து. ஓட்டின் உட்புறம் வெளியே தெரியுமாறு உருண்டுகொண்ட ஓடு என்று சொன்னால் பிழையாகாது.

அதன் ஒளிக்கும் காரணம் உண்டு. முத்தொளிப் படலம் ஆயிரக்கணக்கான அரகோனைட்டுத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்றது. இடையிடையே புரதச் சாந்து. ஒவ்வொரு தகட்டின் தடிப்பும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. ஏறத்தாழ ஒளியின் அலைநீளம் எவ்வளவோ அவ்வளவு. தகடுதோறும் திரும்பிவரும் ஒளியலைகள் தம்முள் கலந்து மோதுவதாலேயே, வெண்மைக்குள் நீலமும் இளஞ்சிவப்பும் ஒளிந்து விளையாடுகின்றன. திங்களிலிருந்து முத்து பிறப்பதாகச் சொல்லும் கதை இந்த உண்மைக்கு முன் எவ்வளவு வறியது!

இதனைக் கண்டறிந்த வரலாற்றிலும் நம் கடலுக்குப் பங்குண்டு. 1902-இல் இலங்கை அரசு எர்டுமன் என்னும் விலங்கியல் பேராசிரியரை அழைத்து மன்னார்ச் சிப்பிப் பார்களை ஆராயச் செய்தது. அவருடன் வந்த ஆர்னெல், பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறையிலும் பணியாற்றினார். இவ்விருவரும் முத்துக்கு மூலம் நாடாப்புழுவின் இளம்பருவம் என்று முடிவு கட்டினர். பின்வந்தவர்கள், புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முத்துப்பை அமைந்தால்தான் முத்து உண்டாகும் என்று காட்டி, அம்முடிவைத் திருத்தினார்கள். பேராசிரியர் சொன்னார் என்பதற்காக எவரும் அடங்கிப் போகவில்லை. நம் மலர்களிலோ அந்தத் திருத்தும் பண்பைத் தேடிக் காண வேண்டியிருக்கிறது.

முத்தின் வகைகளை விரிக்கப் புகின் பெருகும். சில சொல்லி அமைவோம். உடலின் மென்பகுதியில் தனித்து விளைவது உருண்டு திரண்டு வரும். தசை ஓட்டோடு பற்றுமிடத்தில் விளைவது கோணலாகும். ஓட்டோடு ஒட்டிக்கொண்டே புடைத்து எழுவது கொப்புள முத்து. இவை தாமே விளைபவை. மனிதன் கைவைத்து விளைவிப்பது வளர்ப்பு முத்து. அமெரிக்க ஆற்று மட்டியின் ஓட்டைக் கடைந்து செய்த மணியொன்றையும், வேறொரு சிப்பியின் மென்போர்வைத் துண்டு ஒன்றையும் சிப்பியின் உடலுக்குள் சேர்த்துவைத்தால், துண்டிலுள்ள அணுக்கள் மணியைச் சூழ்ந்து பையாகி முத்தொளியைப் பூசுகின்றன. சப்பானில் மிகிமோட்டோ 1893-இல் அரைமுத்தை விளைவித்தார். முழு உருண்டைக்கு வழிகண்டவர்கள் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த நிசிகாவா, மிசே போன்றவர்கள். சீனத்து நன்னீர் மட்டியிலோ பெரும்பாலும் மணி வைப்பதில்லை. போர்வைத் துண்டுகள் மட்டும் வைத்து ஒரே மட்டியில் பல முத்துகளை எடுக்கின்றனர். வளர்ப்பு முத்து போலி என்பது அறியாமை. போலி என்பது மீன்செதிற் பசை பூசிய கண்ணாடி மணி. இயற்கை எது, வளர்ப்பு எது என்று கண்ணால் சொல்லிவிடலாம் என்பாரை நம்பவேண்டா. ஊடுகதிர்ப் படமே அதற்குச் சான்று.

இனி எம் வழக்கின் நடுப்பகுதி. முத்தைப் பற்றித் தமிழனுக்கு அறிவே இல்லை என்றா சொல்கிறோம்? இல்லை. இருந்த அறிவு வேறிடத்தில் இருக்க, நாம் தேடுமிடம் வேறாக இருக்கிறது என்கிறோம்.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையை எடுத்துக்கொள்க. மதுரையின் மணிவீதியைக் காட்டுமிடத்தில் இளங்கோவடிகள் முத்தை நீர்மையால் பிரிக்கிறார். வெண்ணிறக் கோள்களின் ஒளியுடையது ஒன்று, செவ்வாயின் செம்மையுடையது ஒன்று. குற்றங்களையும் சொல்கிறார்: காற்றால் வருவது, மண்ணால் வருவது, கல்லால் வருவது, நீரால் வருவது. யானையும் இல்லை, முகிலும் இல்லை. கடைத்தெருவில் நின்று பார்த்தவரின் எழுத்து அது.

அதனினும் உறுதியான சான்று கல்லிலே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் கொடுத்த அணிகலன்களின் கணக்கு, அவன் ஆட்சியின் 29-ஆம் ஆண்டை ஒட்டிய கல்வெட்டுகளில் விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளது. அங்கே முத்து என்று ஒரு சொல்லில் எழுதி முடிக்கவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர், தோல் இடந்தன, தோல் தேய்ந்தன என்று வகைவகையாகப் பிரித்து, ஒவ்வோர் அணியிலும் இத்தனை முத்து என்று எண்ணி, ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் எடைக்கல்லால் நிறுத்து, சரடும் சட்டமும் நீக்கிய நிறை இவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள். மைய அரசின் அலுவலகத்தில் கோப்புகளை வகை பிரித்தே காலங்கழிக்கும் எம்மைப் போன்றோர்க்கு, இதனை எழுதிய பெயரறியாத கணக்கர்மீது பிறக்கும் மதிப்பு எளிதில் சொல்லக்கூடியதன்று. நூலோடு சேர்த்து நிறுத்துக் கணக்குக் காட்டியிருந்தாலும் அந்நாளில் யார் கேட்டிருப்பர்?

இன்றைய மணியியலார் முத்தை எவ்வெவற்றால் தரம் பிரிக்கின்றனர்? வடிவு, அளவு, ஒளி, நிறம், மேற்பரப்பின் தூய்மை, படலத்தின் நிலை. மேலைப் பட்டியலை மீண்டும் பாருங்கள். வட்டமும் அனுவட்டமும் இரட்டையும் வடிவு. குறுமுத்து அளவு. குளிர்ந்த நீரும் சிவந்த நீரும் ஒளியும் நிறமும். கறடு மேற்பரப்பு. தோல் இடந்தன, தோல் தேய்ந்தன என்பவையோ படலத்தின் நிலை. முத்துக்குத் ‘தோல்’ உண்டு, அது பெயரும், தேயும் என்று அறிந்தவர், முத்து படலம் படலமாக வளர்வது என்பதைக் கையால் தொட்டே அறிந்தவர். ஆயிரம் ஆண்டுக்கு முன் இத்தனை கூர்மையோடு தரம் பிரித்த ஏட்டறிவு நமக்கிருக்க, அதை விட்டு உடும்பின் பின்னால் ஓடுவானேன்? அந்த இராசராசனின் படை இம்மைசூர்ச் சீமையிலும் நின்றது. தலைக்காடு இராசராசபுரம் ஆயிற்று. நம் பிள்ளைகளுக்குத் தஞ்சைக் கல்வெட்டு அயலூர்க் கதையன்று.

கல்லோடு இவ்வறிவு முடிந்துவிடவும் இல்லை. மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலமெல்லாம், சிப்பிக் குவியல் அழுகி நாறும் கரையில் அமர்ந்து, பித்தளைச் சல்லடைகள் பத்தை வரிசையாக வைத்து முத்தைச் சலித்தனர். முதற் சல்லடையில் துளை 20, கடைசியில் 1000. சலித்தபின் உருட்சியும் ஒளியும் பார்த்துப் பெயரிட்டனர். இரண்டிலும் குறையற்றது ஆணி. மற்றவற்றுக்கு வடிவு, மடங்கு, கலிப்பு, குறுவல், பீசல் எனப் பல பெயர்கள். எல்லாத் துளையிலும் விழுவது தூள். நிறை மஞ்சாடியில், விலையோ நிறையைத் தன்னாலேயே பெருக்கிக் காணும் கணக்கில். இருமடங்கு நிறையுள்ள ஒரு முத்துக்கு நான்மடங்கு விலை என்பதே அதன் சாரம். ஐரோப்பிய வணிகர்களும் இவ்வகைக் கணக்கையே கையாண்டனர். அவர்கள் எழுதிய முத்து நூல்களில் இத்தமிழ்ப் பெயர்கள் உருத்திரிந்து உரோமன் எழுத்தில் இன்றும் கிடக்கின்றன. தமிழ் மலர்களில் எங்கே? ஆணிமுத்து என்ற ஒன்று மட்டும் வழக்கில் தங்கியது. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்ததே கடைசி முத்துக்குளிப்புத் தொடர். அதன்பின் பார்கள் வளம் காட்டவில்லை. சல்லடை ஓய்ந்தபோது சொற்களும் ஓய்ந்தன.

‘இலக்கியச் சுவைக்காகச் சொல்லும் இருபதை ஏன் இப்படி உரசிப் பார்க்கவேண்டும்?’ என்று அன்பர் சிலர் கேட்பர். சுவைக்காகச் சொல்லுங்கள், யாம் தடுக்கவில்லை. கவிஞன் மூங்கிலில் முத்தைத் தொங்கவிடட்டும். ஆனால் கட்டுரையின் தலைப்பில் ‘அறிவியல்’ என்று எழுதிவிட்டு, உள்ளே கற்பனையை வைத்தால், அது கலப்படம்.

இதில் இழப்பு யாருக்கு என்பதை எண்ணிப் பாருங்கள். இவ்வூர்த் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். பிழைப்பும் நட்பும் கன்னடத்தோடு; அதில் தவறுமில்லை. முத்தைக் கன்னடரும் ‘முத்து’ என்றே சொல்கின்றனர். சிப்பியைக் ‘கப்பெ சிப்பு’ என்கின்றனர். தமிழ் அப்பிள்ளைகளுக்குக் கிடைப்பது வீட்டிலும், சங்கத்தின் மாலை வகுப்பிலும், ஆண்டுக்கொருமுறை வரும் இம்மலரிலுந்தான். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, முத்துப்பையைப் பற்றிக் கன்னடப் பாடநூலிலோ ஆங்கில நூலிலோ படித்துவிட்டு வந்து, நம் மலரைப் புரட்டி யானைத் தலையில் முத்து என்று கண்டால், என்ன முடிவுக்கு வருவாள்? அறிவுக்கு மற்ற மொழிகள், கதைக்குத் தமிழ் என்று முடிவு செய்வாள். அம்முடிவுக்கு வந்த பிள்ளை, நாளை தன் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்க மாட்டாள். எல்லைக்கு அப்பால் வாழும் தமிழன் மொழியை இழப்பது பிறர் பறிப்பதால் மட்டுமன்று. கையில் கொடுத்தபோது அது பயனற்றதாய்த் தோன்றியதாலும் இழக்கிறான்.

கொடுக்கத் தக்கது நம்மிடம் உண்டு. 1973 சூலையில் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அறிஞர் கே. அழகர்சாமி இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை விளைவித்தார். பந்திப்பூர்க் காடு புலிகள் காப்பகமான அதே ஆண்டு. நம் மேடைகளில் பந்திப்பூர்ப் புலியைப் பேசுகிறோம். அழகர்சாமியின் பெயரைச் சொல்லக் கேட்டவர் எத்தனை பேர்? கடல் நமக்குத் தொலைவு என்பாரும் உளர். புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிலையம், நாட்டின் குளங்களிலும் ஆறுகளிலும் பரவலாகக் கிடைக்கும் மட்டியிலேயே முத்து விளைவிக்கும் முறையைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறது. கபினிக் கரையில் கிடக்கும் ஒரு மட்டி ஓட்டைக் கழுவி வெயிலில் திருப்பிப் பிடித்தால், அதன் உட்புறத்தில் வானவில் நிறம் ஓடும். முத்துக்கும் அதற்கும் பொருள் ஒன்றே. மாலை வகுப்பில் அவ்வோட்டைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, வட்டம், அனுவட்டம், கறடு, தோல் இடந்தன என்று தஞ்சைக் கணக்கரின் சொற்களைக் கரும்பலகையில் எழுதுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. பொன்னாடை ஒன்றின் விலைகூட ஆகாது.

அச்சொற்களுள் நிம்பொளம், பயிட்டம், அம்புமுது என்பவற்றைக் கல்வெட்டைப் பதிப்பித்து ஆங்கிலத்தில் பெயர்த்த உல்சு, பொருள் பெயர்க்காமல் அப்படியே விட்டுச் சென்றார். அவர் செருமானியர்; செய்யக்கூடியதைச் செய்தார். முத்து வணிகமே குடித்தொழிலாக இருந்த குடும்பங்கள் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உண்டு. பழைய கணக்கேடுகள் அங்கே எந்தப் பரணிலாவது இருக்கலாம். மூத்தோர் எவர் வாயிலாவது அம்மூன்று சொற்களுள் ஒன்று எஞ்சியிருக்கலாம். இருபது பிறப்பை ஆண்டுதோறும் எழுதும் நம் கட்டுரையாளருள் ஒருவரும் இதுவரை அவ்வூர்களுக்குப் பேருந்து ஏறியதில்லை.